நிலமில்லாக் குறிஞ்சி

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று நாம் வகுப்பறையிற் சொல்லிக்கொடுக்கிறோம். முருகனைச் சொல்கிறோம், தினைப்புனத்தைச் சொல்கிறோம், அருவியும் காந்தளும் மயிலும் நிறைந்த ஒரு சித்திரத்தைத் தீட்டிவிட்டு, மணியடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறோம். நாம் விட்ட இடத்திலே புவியியல் ஆசிரியர் வந்து நிற்கிறார். மத்திய மலைநாடு, பிரதான பயிர் தேயிலை, இயற்கை இடர் மண்சரிவு என்று அவர் எழுதிப்போடுகிறார். இலக்கியப் பாடத்திலும் இல்லாமல், புவியியற் பாடத்திலும் இல்லாமல் நழுவிவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்த மலையிலே இருநூறு ஆண்டுகளாக வாழ்ந்து வரும் தொழிலாளிக்கு, அவன் படுத்துறங்கும் தரைகூடச் சொந்தமில்லை என்பதே அது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். தெய்வமும் உணவும் விலங்கும் பறையும் அவற்றின்பின் வரும் கருப்பொருள்கள். இந்த இலக்கணத்தை மலையகத் தோட்டத்திற்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பொழுது அங்கே தாராளமாக உண்டு: பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டிய விடியற்பொழுது, மலையிற் கொழுந்து பறிக்கும் பகற்பொழுது, கூடையை நிறுத்துப் பார்க்கும் மாலைப்பொழுது. கருப்பொருளும் உண்டு, மாரியம்மன் உண்டு, தப்பு உண்டு, அட்டை உண்டு. நிலந்தான் இல்லை. முதற்பொருளிற் பாதியைப் பறிகொடுத்த இந்தத் திணைக்கு நம் பண்டிதர்கள் என்ன பெயர் இடுவார்களோ அறியேன்.

வாதத்தைப் பொதுப்படையாக விடாமல் ஒரு மலைக்கிராமத்தையே எடுத்துக்கொள்வோம். ஊவாவின் தென் விளிம்பிலே அப்புத்தளை மலைத்தொடர் வெட்டுண்டது போலத் தாழ்நிலத்தை நோக்கி இறங்குகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருவீதி ஹல்துமுல்லையைக் கடந்து, பெரகலைச் சந்தியில் அப்புத்தளைப் பக்கம் ஒரு கிளையை அனுப்பிவிட்டு, கொஸ்லாந்தை ஊடாக வெல்லவாயாவுக்கு இறங்குகிறது. கொஸ்லாந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது தியலும அருவி. அது பூனாகலை ஓயாவின் நீர். கிரிந்தி ஓயாவிற் கலந்து தென்கடலுக்குப் போகிறது. மேலே பூனாகலை, அயலிலே அம்பிட்டிகந்தையும் மாக்கல்தெனியாவும், எங்கும் தேயிலை. இந்த மலைகளின் முகடொன்றுக்கு லிப்டன் துரையின் இருக்கை என்று பெயர். 1890இல் இங்கே தோட்டம் வாங்கிய அந்த வணிகர் அமர்ந்து தம் உடைமையைப் பார்த்து மகிழ்ந்த இடமாம். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அங்கே ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மலைத்தொடரின் ஒரு சரிவிலே, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில் இருந்தது மீரியபெத்தை.

பெத்த என்ற சிங்களச் சொல்லுக்குக் காடு என்பது பொருள். காடு போய்விட்டது, பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது. பாறைமேற் படிந்த தளர்ந்த மண்ணையும் உருண்டு வந்த கற்களையும் தன் வேர்களாற் பிடித்துவைத்திருந்தது அந்தக் காடு. முதலிற் கோப்பிக்காகவும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்கே உரியவை என்றது. சிங்களக் குடியானவன் சேனை செய்த நிலமும் மாடு மேய்த்த காடும் அவ்வாறே ஏக்கர் கணக்கில் விலைப்பட்டன. 1818இன் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது எரியுண்ட ஊவாவுக்கு இது இரண்டாவது அடி. ஆகவே மலையின் கதை தமிழ்த் தொழிலாளியோடு தொடங்குவதன்று. ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்து, இன்னொருவனைக் கடல் கடந்து கொண்டுவந்து, நிலமில்லாமலே அதில் உழைக்க வைத்த கதை அது. பறிகொடுத்தவனும் உழைத்தவனும் பின்னர் ஒருவரையொருவர் பகைத்தார்கள். வாங்கியவன் முகட்டில் அமர்ந்து காட்சியை இரசித்தான்.

தோட்டம் என்பது ஊரன்று. ஊர், மனிதன் தன் தேவைக்காக நீரையும் நிலத்தையும் தேர்ந்து அமைத்துக்கொள்வது. தோட்டமோ கணக்குப் புத்தகத்தில் வரைந்து மலைமேல் இறக்கப்பட்டது. காற்றும் காட்சியும் வாய்த்த மேட்டிலே துரையின் பங்களா. வண்டி வந்துபோக வசதியான இடத்திலே தொழிற்சாலை. நல்ல நிலம் எல்லாம் எண் போட்ட தேயிலை மலைகள். எஞ்சிய இடத்திலே, தேயிலைக்கு உதவாத சரிவிலும் பள்ளத்திலும், ஆள் கணக்கு எடுப்பதற்கு எட்டும் தூரத்திலே லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா. ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். காலப்போக்கில் ஒரு காம்பராவுக்கு இரண்டு குடும்பம். தேயிலைச் செடி எந்தச் சரிவில் நிற்கவேண்டும் என்று ஆராய்ந்தவர்கள், மனிதன் எந்தச் சரிவில் நிற்கலாம் என்று ஆராயவில்லை. செடி முதல், மனிதன் செலவு. முதலாளித்துவக் கணக்கியலில் இதிலே தவறு ஒன்றும் இல்லை.

அயலூர்களோடு இந்தக் குடியிருப்புக்கு உள்ள உறவும் விசித்திரமானது. கொஸ்லாந்தைக் கடைத்தெரு கூப்பிடு தூரந்தான். ஆனால் அங்குள்ள கடைக்காரன் வரி செலுத்திப் பெறுகிற வீதியும் விளக்கும் நீரும் தோட்டத்துக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு இதற்குக் குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள்ளே சபையின் பணத்தைச் செலவிட அது இடங்கொடுக்கவில்லை. தோட்டத் தொழிலாளி வாக்களித்துச் சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். அந்த உறுப்பினர் அவனுடைய லயத்துக்கு ஒரு வடிகானைக்கூடக் கட்டிக்கொடுக்க முடியாது! இந்தக் கேலிக்கூத்தைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தோர் ஆண்டு. வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரு புள்ளிகள், சட்டத்தில் வெவ்வேறு நாடுகளாக இருக்க முடியும் என்பதை எந்தப் புவியியற் பாடநூலாவது சொல்கிறதா?

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலை, பல நாள் மழையில் ஊறிய அந்தச் சரிவு இறங்கியது. லயங்களும் கோயிலும் சேற்றின் கீழ்ப் போயின. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தமையால் உயிர் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. மாண்டவர் எத்தனை பேர்? முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு தொகை குறைந்துகொண்டே வந்தது. பெரும்பாலோரின் உடல்கள் எடுக்கப்படவேயில்லை. தேயிலைக் கொழுந்தை இறாத்தலுக்கும் பிற்காலத்தில் கிலோவுக்கும் பிசகாமல் நிறுத்து எழுதிய ஒரு தொழிலில், ஆட்களின் கணக்கு மட்டும் இவ்வளவு தடுமாறியதை என்னவென்பது!

இனி இந்தக் கட்டுரைக்குக் காரணமான வாதத்துக்கு வருகிறேன். மீரியபெத்தையைப் பற்றிப் பேச்செடுத்தால், கற்றோர் கூடும் இடங்களிலே, ஏன், ஆசிரியர்களின் ஓய்வறையிலேகூட, ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "அவர்களுக்கு முன்னமே எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, அவர்கள்தான் போகவில்லை." இதைச் சொல்பவர் கெட்டவர் அல்லர். செய்தித்தாள் வாசிப்பவர், நியாயம் பேசுபவர். ஆனால் இந்த ஒரு வாக்கியத்திலே மாண்டவர்கள் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள்; மற்ற எல்லோரும் கை கழுவிக்கொள்கிறார்கள்.

எச்சரிக்கை கொடுக்கப்பட்டது உண்மை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று அறிவித்திருந்தது. அறிவியலாளர் தம் கடமையைச் செய்தனர். ஆனால் போ என்ற சொல் எங்கே என்ற கேள்வியை உடனே எழுப்புகிறது. நிலம் உள்ளவன் ஒரு காணியை விற்று இன்னொரு காணி வாங்கலாம். வீட்டை ஈடுவைத்துக் கடன் பெறலாம். உறவினன் வளவிலே ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாம். லயத்துக்காரன் எதை விற்பான்? காம்பரா அவனுடையதன்று. அதன் கீழுள்ள மண் அரசினுடையது. அரசு அதைக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது. அவனுடைய உறவினர் அனைவரும் அதே சரிவில் அல்லது அடுத்த தோட்டத்துச் சரிவில் வேறொரு காம்பராவில் இருக்கிறார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே கயிறு. வீட்டை விட்டால் பிரட்டு தவறும். பிரட்டு தவறினால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இத்தனையும் தெரிந்த பிறகும் அவர்கள் போகவில்லை என்கிறீர்களா? போவதற்கு நிலத்திலே அவர்களுக்கு ஒரு திசை இருந்ததா?

இதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. விபத்துக்குப் பிறகு நடந்ததே போதும். உலகமே பார்த்தது, தலைவர்கள் வந்து நின்று வாக்களித்தார்கள், நிவாரணம் குவிந்தது. அப்படியிருந்தும் எஞ்சியவர்கள் முதலிற் பாடசாலைகளிலும், பின்பு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் அடைந்து கிடந்தார்கள். மாக்கல்தெனியாவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 அக்டோபரிலேதான். பிணங்களை வைத்துக்கொண்டு கேட்டபோதே இரண்டு ஆண்டு எடுத்தது. யாரும் பாராத 2005இலும் 2011இலும் எந்த நிலம், எந்த வீடு ஆயத்தமாக இருந்திருக்கும்?

நிலத்தைப் பற்றிய பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தது. நமக்கு முந்திய தலைமுறை முற்போக்காளர் கைதட்டினார்கள். தட்டியதிலும் நியாயம் உண்டு. ஆனால் லயத்தின் உடைமை தொழிலாளிக்கு வரவில்லை. துரை மாறினார், காம்பரா மாறவில்லை. 1992இல் 22 பிரதேசக் கம்பனிகள் அமைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் 53 ஆண்டுக் குத்தகை வந்தது. குத்தகைக்காரன் இலாபத்தைப் பார்ப்பான்; அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவன் வர்க்க இயல்பு. தேயிலை மலையிலே கான் வெட்டுவது என்று ஒரு வேலை உண்டு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிடாமற் சரிவுக்குக் குறுக்கே வழிமாற்றிவிடும் வேலை. கொழுந்து தராத வேலை அது. செலவைக் குறைக்க விரும்பும் நிருவாகம் எங்கே முதலிற் கை வைக்கும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் சொல்வார்கள். தூர்ந்துபோன கான் பாடநூலில் இயற்கை இடர் என்ற தலைப்பின் கீழ் வந்து சேர்கிறது.

மீரியபெத்தை ஒரு தனி விபத்து என்பாரும் உளர். அவர்களுக்காகக் கடலுக்கு அப்பால் ஒரு மலையைக் காட்டுகிறேன். கேரளத்து மூணாறுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களும் தமிழ்த் தொழிலாளர். தென்தமிழ்நாட்டுக் கரிசற் சீமையிலிருந்து போனவர்களின் வழிவந்தோர். அவர்களும் தலைமுறை தலைமுறையாய் உழைத்து ஒரு சதுர அடிக்கும் உறுதி இல்லாதவர்கள். அங்கும் வேலை நின்றால் வீட்டையும் விடவேண்டும். இரண்டு நாடு, இரண்டு அரசு, இரண்டு மலைத்தொடர். ஆனால் ஒரே லயம். மலையின் இயல்பு மட்டுமே காரணமென்றால், பங்களாக்கள் ஏன் இப்படிப் புதைவதில்லை?

எதிர்வாதம் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கையில் சாமசர மலை சரிந்தபோது மாண்டவர்கள் சிங்களக் கிராமத்தவர்கள். அவர்களிற் பலருக்குச் சொந்த நிலம் இருந்தது. ஆகவே உறுதி கையில் இருந்தால் மலை விலகிப் போகும் என்று நான் சொல்ல வரவில்லை. சரிவுக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது. ஆனால் இருப்பதா போவதா என்று தானே முடிவு செய்யும் அதிகாரம் ஒருவனுக்கு நிலத்தோடு வருகிறது. ஆபத்து இருவருக்கும் உண்டு. முடிவு ஒருவனுக்குத்தான் உண்டு. அரநாயக்கைக் குடியானவனும் மீரியபெத்தைத் தொழிலாளியும் ஒரே மழையிற் புதையுண்டவர்கள் என்பதை இருவர் மொழியிலும் எடுத்துச் சொல்வதற்கு ஓர் இயக்கம் இல்லாமற் போனது இடதுசாரிகளாகிய நமக்குப் பெருமை தருவதன்று.

உயிலங்குளத்தில் இருந்துகொண்டு, மலையே இல்லாத மன்னாரிலிருந்து, இவ்வளவு ஏன் பேசவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள நிலம் கைத்தலம் போலத் தட்டையானது. அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கட்டுக்கரைக்குளத்தை நிரப்பி, அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் நீர் பாய்ச்சும் நாடு இது. உயிலங்குளம், ஆட்காட்டிவெளி, பரப்பாங்கண்டல் என்று அயலூர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: குளம், வெளி, கண்டல். பெயரே நிலத்தின் இயல்பைச் சொல்லும். வாழ்ந்தவன் வைத்த பெயர் அது. மலையிலே தொழிலாளி வாழ்ந்த இடத்துக்கு அவன் வைத்த பெயர் அவன் வாயோடு நின்றுவிட்டது. வரைபடத்தில் ஏறியது கம்பனியின் பெயர், அதன் கீழே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு.

போரின்போது எங்கள் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 2002இன் போர்நிறுத்தக் காலத்தில் உயிலங்குளமே இரு படைகளுக்கிடையே போக்குவரத்துச் சாவடியாக நின்றது. ஆனால் திரும்பி வந்தபோது, இது என் வளவு, இது என் அப்புவின் வயல் என்று கைநீட்டிச் சொல்லப் பெரும்பாலோருக்கு ஓர் இடம் இருந்தது. அதே வன்னியில், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி மலையிலிருந்து இறங்கி வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களிற் பலர் கையில் ஒரு பத்திரமும் இல்லாமல் நின்றார்கள். மலையில் அவர்களுக்கு நிலம் மறுத்தவன் வெள்ளைக்காரன் என்று சொல்லிவிடலாம். இங்கே மறுத்தவர்கள் யார்? காவலுக்கும் கூலிக்கும் அவர்களை வைத்துக்கொண்ட நாம், பந்தியில் எங்கே இருத்தினோம்?

அவர்கள் வந்ததும் போனதும் எங்கள் வாசல் வழியாகத்தான். தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறி, இந்த வறண்ட காடுகளினூடே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளைக்குப் போனார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதற்குத் துணைச்சட்டம் 1949இல் வந்தபோது அமைச்சரவையில் யாழ்ப்பாணத்துத் தலைவரும் அமர்ந்திருந்தார். 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்து, 1974இற் பாதிபாதியாகப் பிரித்தார்கள். பெட்டி படுக்கையோடு அவர்கள் ஏறிய புகைவண்டி தலைமன்னார்த் துறையை நோக்கி இந்த நிலத்தின் ஊடாகத்தான் ஓடிற்று. 2023இல், வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடித்தார்கள். மன்னார்–மதவாச்சி வீதியில் அவர்கள் கேட்டுச் சென்ற கோரிக்கைகளில் நிலமும் ஒன்று. இந்த வீதியோரத்திற் குடியிருந்துகொண்டு, மலை எங்களுக்குத் தூரம் என்று எந்த வாயாற் சொல்வது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையையும் கடலோரத்தையும் ஒன்றாக அடித்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அதே நாட்களில் அருவியாறு கரை புரண்டு மன்னார் வயல்களை மூடியது. எங்கள் கமக்காரர் வெள்ளம் வடிந்ததும் வரம்பைத் தேடிப் போனார்கள். அழிந்த பயிருக்கு நட்டஈடு கேட்டு எழுதினார்கள். வரம்பு இருந்தபடியால் தேடினார்கள். மலையில் மீண்டும் அதே அறிவிப்பு: இந்த இடம் ஆபத்தானது, நீங்குங்கள்.

2015க்குப் பின் தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் தனிவீடும் என்று ஒரு திட்டம் வந்தது. வரவேற்கத்தக்கதே. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச் என்பது ஏக்கரில் இருபத்துமூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். பின்னர் பத்துப் பேர்ச் என்று பேசப்பட்டது. எத்தனை பேர்ச் என்பதைவிட, அந்த நிலம் எந்தச் சரிவில், எந்தப் பத்திரத்தோடு, எவருடைய பெயரில் என்ற மூன்று கேள்விகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பெண்கள் பறித்த கொழுந்தாலேதான் இந்த நாடு அந்நியச் செலாவணி கண்டது; உறுதியிலும் அவர்கள் பெயர் வரவேண்டும். இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேயே இருக்கின்றன.

க.பொ.த. சாதாரணதரப் புவியியல் வினாத்தாளில் ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரு வரைபடத் துண்டு வரும். சமவுயரக் கோட்டை வாசி, ஆற்றின் திசையைச் சொல், நிலப்பயன்பாட்டை இனங்காண் என்று கேட்பார்கள். மாணாக்கர் தேயிலை என்று எழுதி மதிப்பெண் பெறுவார்கள். அதே துண்டை வகுப்பில் விரிக்கும்போது, கோடுகள் நெருங்கும் அந்தச் சரிவில் குடியிருப்பு ஏன் வந்தது, அதை அங்கே வைத்தவர் யார், அதன் கீழுள்ள மண் இன்று எவர் பெயரிற் பதிவாகியிருக்கிறது என்று கேட்க நமக்கு எந்தப் பாடத்திட்டத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. தமிழாசிரியர்களாகிய நாமும் குறிஞ்சியை நடத்தும் அன்றே மீரியபெத்தையை நடத்தலாம். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதியது 1935இல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ச் சிறுகதை கண்டு தொண்ணூறு ஆண்டாகிறது. நம் திணைப்பாடம் அதை இன்னும் காணவில்லை.